பிடி விளையாட்டுகளில் வரும் தோல் தொற்று: என்ன தெரிகிறது, என்ன செய்வது

மல்யுத்தமோ ஜூடோவோ கபடியோ, பிடி விளையாட்டு என்றால் உடம்போடு உடம்பு உரசித்தான் ஆக வேண்டும். வியர்வையும் சிராய்ப்பும் கூடவே வரும். நான் பயிற்சி கொடுக்கும் கூடத்தில் ஒவ்வொரு ஐப்பசியிலும் யாராவது ஒரு பையன் முன்கையை நீட்டி, "மாஸ்டர், வேர்க்குருதானே இது?" என்று கேட்பான். வெறும் வேர்க்குருவாக இருந்தால் அவன் என்னிடம் வந்து கேட்டிருக்கவே மாட்டான் என்பது இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

வருடா வருடம் அதே தொற்றுகள்தான் வருகின்றன, அதே தவறுகள்தான் நடக்கின்றன. அதனால் நான் பார்க்கும் வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். நோயின் பெயரை வைத்துத் தேட வேண்டாம், கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடுங்கள். நான் பயிற்சியாளன், மருத்துவன் இல்லை. ஆகவே நம் வேலை எங்கே முடிகிறது என்பதையும் ஒவ்வொரு இடத்திலும் சொல்லியிருக்கிறேன்.

## எதுவாக இருந்தாலும் முதலில் செய்வது

தோலில் என்னவென்று தெரியாத எதுவும் இருக்கும்வரை மேட்டுக்கு (பயிற்சி விரிப்புக்கு) வரக் கூடாது. நோய் எது என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆகலாம், ஒதுங்கி நிற்பது இன்றைக்கே தொடங்க வேண்டும். ஓட்டம், கயிறு ஏறுதல், எடைப் பயிற்சி என்று தனியாகச் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் நாளைக்கு அது வளர்ந்ததா சுருங்கியதா என்று தெரியும். மருத்துவரிடம் போகும்போது இந்தப் படங்கள் பாதி கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

மூன்றாவது, படம் எடுக்கும்வரை எந்தக் களிம்பும் பூச வேண்டாம். வீட்டில் பாதி பிதுக்கிய டியூப் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏன் என்று படர்தாமரைப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

## இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை

- கண்ணிமையில், கண்ணுக்குப் பக்கத்தில், மூக்கு நுனியில் கொப்புளம், அல்லது கண் சிவந்து வெளிச்சம் பட்டால் கூசுவது
- தோல் தொற்றோடு காய்ச்சல், நடுக்கம்
- புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறுவது, அல்லது சிவப்பு மணிக்கு மணி பரவுவது
- பார்க்கச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி
- மூட்டு வீங்கிச் சூடாகி, மடக்க முடியாமல் போவது

சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். நாலைந்து மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் இரவென்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

## வட்டமாகப் படர்கிறது, ஓரம் தடித்திருக்கிறது, அரிக்கிறது

நம் ஊரில் பத்துக்கு ஏழெட்டு தடவை பயிற்சியாளர் முன்னால் வந்து நிற்பது இதுதான். எளிதானவற்றை முதலில் கழித்துவிடலாம்.

அரிப்பே இல்லை, ஓரமும் தடிக்கவில்லை, மார்பிலும் முதுகிலும் வெளிர்ந்த அல்லது பழுப்புத் திட்டுகள். இது பெரும்பாலும் தேமல். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. மருத்துவர் பார்த்து உறுதிசெய்துவிட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை.

முழங்கால் உறை, பெல்ட், டேப் ஒட்டிய இடம் எதுவோ, அதே வடிவத்தில் சிவப்பு. ஒவ்வாமையாக இருக்கலாம். மேட் துடைக்கும் திரவத்தை அந்த வாரம் மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். பொருளை நிறுத்தினால் சில நாளில் தணிய வேண்டும்.

நடுவில் தெளிந்து, ஓரம் மட்டும் சிவந்து, செதிலோடு மோதிரம் போல. இது படர்தாமரை என்று வைத்துக்கொண்டே நடக்கலாம். இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ஏற்கெனவே ஏதாவது பூசினாயா?

### இன்னும் எதுவும் பூசவில்லை என்றால்

நல்லது. ஒரே ஒரு சின்ன வட்டம் என்றால் பூஞ்சைக்கு எதிரான மருந்து மட்டும் உள்ள களிம்பு, உதாரணமாக குளோட்ரிமசோல், மருந்தாளரிடம் கேட்டுத் தொடங்கலாம். வட்டத்தின் மேல் மட்டும் பூசுவது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. ஓரத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்துவது இரண்டாவது தவறு. தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும்.

இரண்டுக்கு மேல் வட்டங்கள் இருந்தாலோ, தொடை இடுக்கில் இருந்தாலோ, இரண்டு வாரத்தில் ஓரம் தட்டையாகவில்லை என்றாலோ நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. செலவு மிகக் குறைவு, சீக்கிரமே முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் கட்டணமின்றியே காட்டலாம்.

### மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒன்று பூசிவிட்டேன் என்றால்

அந்த டியூபை எடுத்து வரச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் குளோபெட்டாசோல், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு கிருமி மருந்தும் சேர்த்திருப்பார்கள். மூன்றும் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று நம்பி வாங்குகிறோம்.

நடப்பது வேறு. ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். பையன் சந்தோஷமாக மேட்டுக்குத் திரும்புவான். தோலின் எதிர்ப்பு அடங்கியதால் உள்ளே பூஞ்சை தங்குதடையில்லாமல் பரவும். களிம்பை நிறுத்திய வாரத்தில் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். அப்போது வட்டமும் இருக்காது, தெளிந்த நடுவும் இருக்காது, மருத்துவருக்கே அடையாளம் தெரியாத மாதிரி உருவம் மாறியிருக்கும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழுந்துவிடும், அந்த வரிகள் பிறகு முழுதாக மறைவதில்லை. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்றைக்கும் இருக்கின்றன.

ஒரு மாவட்டப் போட்டிக்கு முன் என் கூடத்தில் ஒரு பையன் கழுத்தில் இந்த மாதிரிக் களிம்பைப் பூசி, அதன் மேல் பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு மூன்று வாரம் பயிற்சி செய்தான். தேர்விலிருந்து நான் எடுத்துவிடுவேன் என்ற பயம். போட்டி முடிந்த பிறகு பார்த்தால் அவனோடு சேர்த்து ஆறு பேருக்கு. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் இடம் போய்விடும் என்று அவன் நினைக்கும்படி கூடத்தை நடத்தியவன் நான்தான். அதற்கப்புறம் தோல் தொற்றைத் தானாக வந்து சொல்கிறவருக்குத் தேர்வுப் போட்டியைத் தள்ளிவைத்து நடத்துகிறேன். பிள்ளைகள் முதல் நாளே வந்து சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஸ்டீராய்டு பூசியவருக்கு நாம் செய்ய எதுவும் இல்லை. டியூபோடு தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். நீண்ட நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

### மருந்து எடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால்

முதலில் வீட்டைக் கேளுங்கள். அம்மாவுக்கோ தம்பிக்கோ இருக்கிறதா? ஒரே துண்டு, ஒரே பாய் என்றால் ஒருவர் மட்டும் மருந்து எடுத்துப் பயனில்லை. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் காட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து உடைகள். ஜூடோ உடையின் தடித்த கழுத்துப் பட்டி மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். முழங்கால் உறையைத் துவைப்பவர்களை நான் பார்த்ததே அரிது. பூஞ்சை துணியில் நெடுநாள் உயிரோடு இருக்கும். 60 டிகிரிச் சூட்டில் துவைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போடுங்கள். வீட்டில் மற்றவர்களின் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திரும்ப வந்தால், மருந்துக்கு அடங்காத பூஞ்சையாக இருக்கலாம். அப்படி ஒரு வகை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. 2020-இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரை வைத்தே பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் மாத்திரைக்கு அது பல சமயம் கட்டுப்படுவதில்லை. இட்ராகோனசோல் போன்ற வேறு மாத்திரையை வாரக்கணக்கில் எடுக்க வேண்டிவரும், இடையில் கல்லீரல் பரிசோதனையும் கேட்பார்கள். இந்த மாத்திரைகளை நண்பன் சாப்பிட்டான் என்று நீங்களும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

### தலையில் என்றால்

சிறுவர்களுக்குத் தலையில் முடி உதிர்ந்த வட்டமும், அதில் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் களிம்பு வேலை செய்யாது, மாத்திரைதான். சில பிள்ளைகளுக்கு அதே இடம் சீழ்க்கட்டி போலக் கொழகொழவென்று வீங்கும். கட்டி என்று நினைத்துக் கீறிவிடக் கூடாது. அது பூஞ்சையின் வேலைதான், தாமதித்தால் அங்கே முடி முளைக்காமலே போகலாம்.

### எப்போது மேட்டுக்கு

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த விதிப்படி உடம்பில் வந்த படர்தாமரைக்குக் குறைந்தது 72 மணி நேரம் மருந்து பூசியிருக்க வேண்டும், தலையில் வந்ததற்கு 14 நாள் மாத்திரை. நம் ஊர்ப் பூஞ்சை இருக்கும் நிலையில் 72 மணி நேரம் போதாது என்பது என் கருத்து. ஓரம் தட்டையாகி, செதில் நின்று, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் நான் இறக்குகிறேன்.

## தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு

விரல் இடுக்கு வெளுத்து ஊறி வெடித்திருந்தால் சேற்றுப்புண். குளித்ததும் விரல் விரலாகத் துடைத்துக் காயவைப்பதே பாதி மருத்துவம். கவனிக்காமல் விட்டால் காலில் இருக்கும் பூஞ்சை துண்டு வழியாகத் தொடைக்குப் போகும். காலைக் கடைசியாகத் துடையுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் வரும் அரிப்பை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூசிக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கிக்கொள்வார்கள். என் கூடத்தில் மூத்த வீராங்கனை ஒருவர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம், அவரிடம் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். அவர் என்னிடம் "இந்த வாரம் அவளுக்குத் தனிப் பயிற்சி" என்று மட்டும் சொல்வார். நான் காரணம் கேட்பதில்லை.

## கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், எரிச்சல்

சிவந்த தோலின் மேல் சின்னச் சின்ன முத்துப் போன்ற கொப்புளங்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அங்கேயே பயிற்சியை நிறுத்துங்கள். வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அந்த இடம் சுரீர் என்று குத்தும், எரியும். முதல் தடவை என்றால் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவதும் உண்டு. முகம், காது, கழுத்து, முன்கை என்று பிடி போடும்போது உரசும் இடங்களில்தான் அதிகம் வரும்.

மல்யுத்தக்காரர்களிடம் பரவும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இது. வாயோரத்தில் வரும் கொப்புளத்துக்குக் காரணமான அதே வைரஸ்தான். 1989 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு வந்தது. 2007-இல் அதே மாநிலத்தில் பள்ளி மல்யுத்தத்தையே எட்டு நாள் நிறுத்திவைத்தார்கள். ஒரு பையனின் கழுத்தில் பார்த்தால் நான் பதறுவதற்குக் காரணம் இதுதான். அவன் முந்தின மூன்று நாளில் யார் யாரோடு பிடி போட்டான் என்று அன்றைக்கே ஒரு பட்டியல் எடுத்து, அவர்களை அடுத்த எட்டு நாள் தினமும் பார்ப்பேன்.

இது அக்கிதானே? நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி. சின்னம்மை வைரஸால் வரும் அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல ஓடும், வலி அதிகம் இருக்கும். பார்வைக்கு இரண்டையும் பிரிப்பது மருத்துவருக்கே சில சமயம் கஷ்டம். காவி குழைத்து அக்கி எழுதிவிடும் பழக்கத்தின் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மறுத்துப் பேசுவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: முதலில் மருத்துவர். இரண்டுக்குமே வைரஸ் மாத்திரையை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி பூசியபின் கொப்புளம் எப்படி இருந்தது என்று மருத்துவரால் பார்க்கவும் முடியாது.

தாடி, சிரைத்த இடம், ஒவ்வொரு மயிர்க்காலிலும் தனித்தனியாகக் கொப்புளம். இது மயிர்க்கால் தொற்றாக இருக்கலாம். சிரைப்பதை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் பாருங்கள். கூட்டமாகச் சேர்ந்தால் மேலே சொன்ன கதைதான்.

கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அன்றைக்கே கண் மருத்துவர். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை போகும்.

இந்த ஹெர்ப்பிஸ் கொப்புளத்துக்கு மூடிக் கட்டிக்கொண்டு ஆடுவது என்ற சலுகையே கிடையாது. அமெரிக்கக் கல்லூரி விதி இங்கே நல்ல அளவுகோல்: 72 மணி நேரமாகப் புதுக் கொப்புளம் வரக் கூடாது, இருப்பவை எல்லாம் காய்ந்து பொருக்காகியிருக்க வேண்டும், வைரஸ் மருந்து குறைந்தது 120 மணி நேரம் எடுத்திருக்க வேண்டும், காய்ச்சல் இருக்கக் கூடாது. இந்த வைரஸ் நரம்பில் தங்கிவிடும். உடம்பு களைத்தால், எடை குறைக்கப் பட்டினி கிடந்தால் அதே இடத்தில் மறுபடி எழும்பும். அடிக்கடி வருபவர்களுக்குப் போட்டிக் காலம் முழுக்க மாத்திரை கொடுப்பதும் உண்டு, அது மருத்துவர் முடிவு.

## தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு

மூக்கோரம், வாயோரம், கை கால் சிராய்ப்பு இவற்றின் மேல் ஈரமாகி, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் பாக்டீரியா தொற்று. சிறுவர்களிடம் தீ போலப் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பொருக்கை மெதுவாக எடுத்து, மருத்துவர் தரும் களிம்பைப் பூச வேண்டும். நிறைய இடத்தில் இருந்தால் மாத்திரை. மருந்து தொடங்கி 72 மணி நேரம் ஆகி, 48 மணி நேரமாகப் புதிதாக எதுவும் வராமல், ஈரமில்லாமல் காய்ந்தபின் மேட்டுக்கு வரலாம்.

பெற்றோர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். புண் ஆறிய அடுத்த மூன்று வாரத்துக்குள் பிள்ளையின் முகம் காலையில் உப்பியிருந்தாலோ, சிறுநீர் கறுத்த டீத்தண்ணீர் போலப் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

## வலிக்கும் சிவந்த கட்டி, சீழ்

"வேனல் கட்டி, மாஸ்டர். மாம்பழம் சாப்பிட்ட சூடு" என்பார்கள். சித்திரை வைகாசியில் நானும் அப்படியே விட்டிருக்கிறேன். இப்போது விடுவதில்லை.

சின்னது, ஒன்றே ஒன்று, காய்ச்சல் இல்லை. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, நாளுக்கு மூன்று நான்கு தடவை பத்து நிமிடம் ஒத்தடம். அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. பிதுக்க வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம். பிதுக்கினால் சீழ் உள்ளேயும் போகும், விரலில் ஒட்டி மேட்டுக்கும் வரும்.

இரண்டு நாளில் பெரிதாகிறது, நடுவில் மெத்தென்று இருக்கிறது. மருத்துவர் கீறிச் சீழை எடுக்க வேண்டிய நேரம். வெறும் மாத்திரை போதாது. எடுத்த சீழைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று தெரிந்துவிடும். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமி விளையாட்டு வீரர்களிடம் பரவுவது புதிதல்ல. 2003-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 பேரில் ஐந்து பேருக்கு வந்தது. தொற்று வந்தது எல்லாம் தரையில் உரசிச் சிராய்த்த இடங்களில். வீரர்கள் துண்டைப் பகிர்ந்துகொண்டதையும் அப்போது கண்டுபிடித்தார்கள். நம் கூடங்களில் ஓரத்தில் தொங்கும் அந்த ஒற்றைத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு தடவை வருகிறது. இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு மூக்கின் உள்ளே இந்தக் கிருமி குடியிருக்கும், அதற்கும் களிம்பு உண்டு, மருத்துவர் சொல்வார்.

முழங்காலோ முழங்கையோ உருண்டையாக வீங்கிச் சூடாக இருக்கிறது. மூட்டின் மேல் உள்ள நீர்ப்பையில் தொற்று இறங்கியிருக்கலாம். மண்ணிலும் மேட்டிலும் முட்டிபோடும் கபடி, மல்யுத்தக்காரர்களுக்கு வருவது. அடிபட்ட வீக்கம் என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள்.

## இரவில் அரிப்பு தாங்கவில்லை

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் இங்கெல்லாம் சின்னப் பருக்கள், படுத்ததும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. சொறிப்பூச்சிதான். முதல் முறை வந்தவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் பரப்பிவிட்டிருப்பார். விளையாட்டு விடுதியில் ஒரு அறைக்கு வந்தால் அறை முழுக்க வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதுவார். கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட, இரவு பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுவதும், ஒருவர் மட்டும் பூசுவதும்தான் இது தோற்பதற்குக் காரணம். கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். போர்வை, துணி எல்லாம் வெந்நீரில். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாள் ஒதுக்கிவையுங்கள். பூச்சி செத்தபிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

## அரிப்பில்லாத சின்ன முண்டு

முத்துப் போலப் பளபளத்து நடுவில் குழி இருந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்று. சொரசொரப்பாக இருந்தால் மரு. இரண்டும் ஆபத்தில்லை, தொற்றும். கிள்ளாதீர்கள். மருத்துவர் எடுத்துவிடுவார். அதுவரை உடையால் முழுக்க மறையும் இடம் என்றால் பயிற்சி செய்யலாம், முகத்தில் கையில் என்றால் காத்திருங்கள்.

## கூடத்தில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு

இப்போது பார்க்க வேண்டியது கூடத்தை.

எளிதானது முதலில்: யார் முதலில் என்று விசாரிக்காதீர்கள். விசாரித்தால் அடுத்தவர் மறைப்பார். பயிற்சிக்கு முன் கை, கழுத்து, முகம், முழங்கால் என்று எல்லோரையும் ஒரு தடவை பார்த்து அனுப்புங்கள். முப்பது பேருக்கு ஐந்து நிமிடம் ஆகும். பெரிய மல்யுத்தப் போட்டிகளிலும் எடை பார்க்கும் முன் மருத்துவர் தோலைப் பார்க்கிறார், தொற்று இருந்தால் இறக்க மாட்டார்கள். அன்றாடப் பயிற்சியில் பழகிவிட்டால் பிள்ளைகளுக்கு அது உறுத்தாது.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே குளியல். வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று பேருந்தில் ஒரு மணி நேரம் ஈர உடையோடு உட்காருவதுதான் தொற்றுக்கு நல்ல நேரம். சாதாரண சோப்பே போதும், ஆளுக்கு ஒன்று. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கழிவறைக்குச் செருப்பு, மேட்டில் வெறுங்கால், இந்த எல்லை கலக்கவே கூடாது.

மேட் சுத்தம் பற்றி. வாசனை வந்தால் சுத்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கையும் வியர்வையையும் துடைக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வீண். அப்புறம் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். கடையில் வாங்கியது 5 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. பத்து நிமிடம் மேட் ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றியதும் துடைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது, அதனால்தான் பலன் இல்லை. பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே தோலை எரிக்கும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கழிவறை துடைக்கும் மாப் மேட்டுக்கு வரக் கூடாது.

இணைப்பு மேட்டுகளின் பல் இடுக்குகளை வாரம் ஒரு முறை பிரித்துத் துடையுங்கள். கிழிந்து பஞ்சு தெரியும் மேட்டுக்குள் ஈரம் இறங்கினால் அதை எதைக்கொண்டும் சுத்தம் செய்ய முடியாது. டேப் ஒட்டிச் சில வாரம் ஓட்டலாம், பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும். செலவில் பெரியது இதுதான், அதனால் கடைசியில் சொல்கிறேன். கொப்புளம் பரவும்போது மட்டும் மேட்டையே குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வைரஸ் பெரும்பாலும் தோலிலிருந்து தோலுக்குத்தான் போகிறது. ஆளை நிறுத்தாமல் மேட்டை எத்தனை தடவை துடைத்தாலும் நிற்காது.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் புதிதாக இன்னொருவருக்கு வந்தால் கூடத்தை ஒரு வாரம் மூடிவிட்டு, எல்லோரையும் ஒரே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆளுக்கொரு மருத்துவர், ஆளுக்கொரு மருந்து என்று போனால் யாரிடமிருந்து யாருக்கு என்ற கணக்கு யாருக்கும் தெரியாமல் போகும். போகும்போது நாணயம் வைத்து எடுத்த படங்கள், பூசிய டியூப்கள், யார் யாரோடு பிடி போட்டார்கள் என்ற பட்டியல் மூன்றையும் எடுத்துப் போங்கள்.